அட்டவணைக்கென்றே ஒரு வகுப்பு: அல்சூரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

இணையப் பக்கங்களில் வரும் அட்டவணைகளுக்கு ஸ்டைல் ஷீட் (எழுத்து, நிறம், கோடு, இடைவெளி எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் விதித் தொகுப்பு) எழுதுவதை மட்டும், வேறு எதையும் கலக்காமல், நான்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தமிழில் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று பெங்களூரில் நடக்கிறது என்று என் அண்ணி சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வீதம் 12 மணி நேரம் பேசுவதற்கு அட்டவணையில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. வகுப்பை முடித்து இரண்டு மாதம் ஆகிவிட்ட நிலையில், அந்த 12 மணி நேரத்தில் எது எனக்குக் கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை என் சொந்த வேலையில் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வகுப்பை நடத்துபவர் தனி ஒருவர். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அவர் பெயரையும் இடத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். அல்சூர் ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள மாடியறை என்று சொன்னால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலருக்குப் புரிந்துவிடும்.

நான் போனதற்குக் காரணம் ஒரு விலைப்பட்டியல். என் தாய்மாமாவுக்குச் சிவாஜிநகரில் மொத்த மளிகைக் கடை இருக்கிறது. மெஸ் நடத்துபவர்களும் சிறு ஓட்டல்காரர்களும்தான் அவருடைய முக்கியமான வாடிக்கையாளர்கள். சுமார் 140 சரக்குகளின் பெயர், ரகம், மூட்டையின் எடை, கிலோ விலை, மூட்டை விலை, விலை மாறிய தேதி ஆகிய ஆறு பத்திகளைக் கொண்ட பட்டியலை எக்செல்லில் போட்டு, அதை அப்படியே இணையப் பக்கமாகச் சேமித்துக் கடையின் தளத்தில் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் மெஸ்காரர் ஒருவர் கைபேசியில் உருட்டு உளுந்தின் வரிசையில் கண்ணை வைத்துத் தொடங்கி, பாதி வழியில் அடுத்த வரிசைக்கு நழுவி, உடைத்த உளுந்தின் விலையைப் படித்துக்கொண்டு கல்லாவில் வந்து நின்று மாமாவிடம் வாதாடினார். அவர் மீது தவறு இல்லை என்பது எனக்கு அந்தக் கைபேசியை வாங்கிப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. எல்லாப் பக்கமும் கோடு, எல்லாக் கட்டத்திலும் எழுத்து கோட்டில் இடிக்கும்படி நெருக்கம், தலைப்பு வரிசை எங்கேயோ மேலே மறைந்துபோன நிலை என்று இருந்த அந்தப் பட்டியலைப் படிக்க யாராலும் முடியாது.

முதல் ஞாயிறன்று ஆசிரியர் ஒரு மணி நேரம் வரை ஸ்டைல் ஷீட்டைத் தொடவே விடவில்லை. அட்டவணையின் தலைப்பை கேப்ஷன் என்ற குறிக்குள் (பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் எது என்று சொல்லும் டேக்தான் குறி) வைப்பது, தலைப்பு வரிசையை டிஹெட் என்றும் சரக்கு வரிசைகளை டிபாடி என்றும் பிரிப்பது, பத்தித் தலைப்புகளை டிஎச் என்று குறித்து அவை எந்தத் திசைக்குத் தலைப்பு என்பதை ஸ்கோப் மூலம் சொல்வது ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதன் பிறகு அவர் வெறும் அட்டவணையைத் திரையில் காட்டி, கட்டங்களுக்கு இடையே 2 பிக்சல் இடைவெளி, கட்டத்துக்குள் 1 பிக்சல் பேடிங் (எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான இடம்), தலைப்புக் கட்டங்களில் தடித்த எழுத்தும் நடுவில் நிற்பதும் என நாம் எதையும் எழுதாமலேயே வந்திருக்கும் இவையெல்லாம் உலாவி (பிரௌசர்) தன்னிடம் வைத்திருக்கும் ஸ்டைல் ஷீட்டிலிருந்து வருகின்றன என்று விளக்கியபோது, நான் இத்தனை நாள் எதை எதிர்த்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

வரலாற்றை அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார், அது போதும். பக்கத்தின் குறிகளை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அட்டவணை எப்படி அமைய வேண்டும் என்ற வரையறை 1996 மே மாதம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த, ஸ்டைல் ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் வரையறையில் அட்டவணைக்கென்று தனியாக எதுவும் இல்லை; 1998 மே மாதம் வந்த இரண்டாம் வரையறையில்தான் அதற்கு ஓர் இயல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் கோட்டின் தடிமன், பின்னணி நிறம், இடைவெளி எல்லாவற்றையும் குறிகளுக்குள்ளேயே எழுதி வந்த பழக்கம் பிறகும் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. என் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அதுவும் அந்தக் கால வேலையாகத்தான் இருந்தது: 140 வரிசைகளிலும் ஆறு கட்டங்கள், ஆக 840 கட்டங்களிலும் எழுத்துரு, அளவு, நிறம் என்று எக்செல் தனித்தனியாக எழுதித் தள்ளியிருந்தது. முதல் வாரத்து வீட்டுப்பாடமாக அவற்றையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, சுமார் 40 வரி ஸ்டைல் ஷீட்டில் அடக்கினேன். வகுப்புக் கட்டணமான 3,200 ரூபாய் எனக்கு அன்றைக்கே திரும்பிவிட்டது என்று சொல்லலாம்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக் கணக்கில் நாம் நிரை, நிரல் என்று படித்திருக்கிறோம். ஆனால் கணினித் தமிழில் நிரல் என்பது புரோகிராமுக்குப் போய்விட்டதால், வகுப்பில் யாராவது அந்தச் சொல்லை எடுத்தாலே குழப்பம் வந்தது. ஆசிரியர் வரிசை, பத்தி, கட்டம் என்ற மூன்று சொற்களோடு நின்றுகொண்டார். பண்புகளின், அதாவது ஸ்டைல் ஷீட்டில் நாம் மாற்றும் அம்சங்களின், பெயர்களை உலாவிக்குத் தெரிந்தபடியே பார்டர் (கோடு), பேடிங் என்று சொன்னார். தமிழில் வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு யாருக்கும் புரியாத கலைச்சொற்களால் திணறடிக்கும் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். இது அப்படி இல்லை.

இரண்டாம் ஞாயிறு முழுவதும் கோடுகள். பார்டர்-கொலாப்ஸ் என்ற ஒரே பண்பை வைத்து அவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடத்தினார், சலிப்பே வரவில்லை. செபரேட் என்ற முறையில் ஒவ்வொரு கட்டமும் தனிவீடு போலத் தன் நான்கு சுவர்களோடு நிற்கும், வீடுகளுக்கு இடையே சந்து இருக்கும். கொலாப்ஸ் என்று கொடுத்தால் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் ஆகிவிடும் என்றார். பெங்களூரில் 20-க்கு 30 மனையில் குடியிருக்கும் எவருக்கும் பொதுச் சுவர் என்றவுடனே அடுத்து என்ன வரும் என்பது தெரியும்: சுவர் யாருடையது என்ற வழக்கு. இந்த வழக்குக்கு வரையறையில் தெளிவான தீர்ப்பு இருக்கிறது. கோட்டுக்கு ஹிட்டன் என்று எந்தப் பக்கமாவது கொடுத்திருந்தால் கோடே வராது. இல்லையென்றால் தடித்த கோடு வெல்லும். தடிமன் சமமானால் இரட்டைக் கோடு, முழுக்கோடு, சிறுகோட்டு வரிசை, புள்ளிக் கோடு என்ற முறையில் முன்னால் இருப்பது வெல்லும். அதுவும் சமமாகி நிறம் மட்டும் வேறுபட்டால் கட்டத்தின் கோடு வரிசையின் கோட்டையும், வரிசையின் கோடு பத்தியின் கோட்டையும், கடைசியில் எல்லாம் சேர்ந்து அட்டவணையின் கோட்டையும் வெல்லும். இரண்டு கட்டங்களே மோதினால் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ளதற்கு முன்னுரிமை. நான் சிவப்புக் கோடு கேட்ட இடத்தில் சாம்பல் கோடு வந்து நின்ற மர்மம், மூன்று ஆண்டுகளாக என்னைப் படுத்தியது, இந்த ஒரு விளக்கத்தில் தீர்ந்தது.

ஆனாலும் இந்த வாரத்தைப் பற்றித்தான் என் முதல் குறையும் இருக்கிறது. கொலாப்ஸ் தான் சரியான வழி, செபரேட் பழங்காலத்துச் சமாச்சாரம் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அது சரியில்லை. செபரேட் முறையிலேயே கட்டங்களுக்கு இடையிலான சந்தை அளக்கும் பார்டர்-ஸ்பேசிங்கைச் சுழியமாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அடிப்பக்கக் கோடு ஒன்றை மட்டும் கொடுத்தால், இரட்டைக் கோடும் வராது, பொதுச் சுவர் வழக்கும் வராது. அந்த முறையில் வரிசைக்குக் கோடு கொடுத்தால் உலாவி வரையாது, கட்டத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நினைவில் இருக்க வேண்டியது. மாமா பட்டியலின் மூலைகள் வளைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கொலாப்ஸில் அட்டவணைக்கு எவ்வளவு பார்டர்-ரேடியஸ் (மூலையை வளைக்கும் பண்பு) கொடுத்தாலும் மூலை கூர்மையாகவே நிற்கும். நான்காம் வாரத்தில் வந்த இன்னொரு சிக்கலுக்கும் செபரேட்டே மருந்து என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

வரிசை விட்டு வரிசை நிறம் கொடுப்பதை, அதாவது இரட்டைப்படை வரிசைகளுக்கு மட்டும் வெளிர்ப் பின்னணி போடுவதை, ஆசிரியர் மிகவும் விரும்புகிறார். கோடு அல்லது பட்டை, இரண்டில் ஒன்றுதான் வேண்டும், இரண்டையும் போட்டால் கண் எதையும் பிடித்துக்கொள்ளாது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் என் பட்டியல் பருப்பு, அரிசி, மசாலா, எண்ணெய் என்று வகை வகையாகப் பிரிந்திருப்பது. வகைத் தலைப்புக்கான வரிசையையும் உலாவி எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதால் ஒரு வகை நிறத்தோடும் அடுத்த வகை நிறமில்லாமலும் தொடங்கிக் கோணல்மாணலாக வந்தது. ஒவ்வொரு வகையையும் தனி டிபாடிக்குள் வைத்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்பதை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் சொன்னார். தேடல் பெட்டியால் சில வரிசைகளை மறைக்கும்போதும் பட்டைகள் கலைந்துபோகும், ஏனென்றால் மறைந்த வரிசைகளும் எண்ணப்படுகின்றன. இப்படி வரிசைகளை எண்ணித் தேர்ந்தெடுக்கும் என்த்-சைல்டுக்குள் எவற்றை மட்டும் எண்ண வேண்டும் என்று சொல்லும் வசதி 2023 முதல் முக்கியமான உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, அது இதைத் தீர்த்துவிடும். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

எண்களைப் பற்றிய பகுதிதான் என்னைப் பொறுத்தவரை இந்த வகுப்பின் உச்சம். மாமாவின் பேரேட்டை எடுத்துப் பாருங்கள், எந்தக் கணக்குப் பிள்ளையும் தொகையை நடுவில் எழுதியிருக்க மாட்டார். ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து என்று வலப்பக்கம் ஒட்டித்தான் எழுதியிருப்பார். நான் மட்டும் இணையத்தில் விலைகளை நடுவில் நிறுத்தியிருந்தேன். அதனால் 87.50 ரூபாயும் 1,240 ரூபாயும் ஒரே அகலம் போலத் தெரிந்து, எது பெரிய தொகை என்பதைப் படித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. வலப்பக்கம் ஒட்டிவிட்டாலும் வேலை முடியவில்லை. சில எழுத்துருக்களில் 1 என்ற எண் 8 என்ற எண்ணைவிட ஒல்லியாக இருக்கும். ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் என்ற பண்புக்கு டேபுலர்-நம்ஸ் என்று கொடுத்தால், அந்த எழுத்துருவில் வசதி இருக்குமானால், எல்லா எண்களும் ஒரே அகலத்துக்கு வந்துவிடும். தசமப் புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவதற்கு 1998-இன் வரையறையில் ஒரு வழி சொல்லப்பட்டிருந்தும், அடுத்து வந்த திருத்திய வரையறையில் அது கழற்றிவிடப்பட்டது என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆகவே 112 என்று எழுதாமல் 112.00 என்று எல்லா விலையிலும் இரண்டு தசம இடங்களை எழுதிவிடுவதுதான் வழி. அப்படி எழுதிய பிறகு பட்டியலைப் பார்த்தால் விலை உயர்ந்த சரக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டு தானாகத் தெரிகிறது.

இங்கே எல்லோரும் ஒரே தவறைச் செய்தோம். பத்திக்கென்று கோல் என்ற குறி இருக்கிறதே, அதற்கு வலப்பக்கம் ஒட்டு என்று சொன்னால் பத்தி முழுவதும் கேட்கும் என்று நினைத்தோம். கேட்காது. கட்டம் பிறப்பது வரிசைக்குள், பத்திக்குள் அன்று. மரபுரிமை, அதாவது வெளியே உள்ளதற்குச் சொன்னது உள்ளே உள்ளதற்கும் கிடைப்பது, வரிசை வழியாகவே வரும். பத்தியின் குறிக்கு அகலம், பின்னணி, கொலாப்ஸ் முறையில் கோடு, மறைக்கும் பண்பு ஆகிய நான்கை மட்டுமே கொடுக்கலாம். எனவே ஒவ்வொரு வரிசையிலும் நான்காவது கட்டம் என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடையில் இரண்டு பத்திகளை அடைத்துக்கொள்ளும் கட்டம் ஒன்று வந்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் தவறிவிடும், ஏனென்றால் உலாவி எண்ணுவது கட்டங்களைத்தான், பத்திகளை அல்ல.

மூன்றாம் ஞாயிறன்று நான் ஒரு குறையைச் சொன்னேன். வகுப்பு தமிழில் நடந்தாலும் கையேட்டில் இருந்த மாதிரிகள் அனைத்தும் ஆங்கில அட்டவணைகள். பத்தித் தலைப்புகளைப் பெரிய எழுத்தாக்கி, எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விட்டால் அழகாக இருக்கும் என்று ஒரு மாதிரியில் இருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? பெரிய எழுத்தாக்கும் விதி ஒன்றும் செய்யவில்லை, இடைவெளி விடும் விதி சொற்களை உதிர்த்துப் போட்டது. இதைக் கேட்டுவிட்டு ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்படியானால் உங்கள் பட்டியலையே திரையில் போடலாமா, அம்மா?” என்றார். “தாராளமாகப் போடுங்கள், சார்” என்றேன். அதற்குப் பின் வந்த இரண்டு மணி நேரம் கையேட்டில் இல்லாதது. நான் கற்றவற்றில் பாதி அங்கேதான்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எதையும் சொல்லாவிட்டால் உலாவி ஒரு பத்தியை அதிலுள்ள உடைக்க முடியாத மிக நீளமான சொல்லைவிடக் குறுக்காது. என் பட்டியலில் அந்தச் சொல் ‘வெள்ளைக்கொண்டைக்கடலை’. அது ஒன்றே கைபேசித் திரையில் பாதியைப் பிடித்துக்கொண்டு விலைகளை வெளியே தள்ளியது. வேர்ட்-பிரேக் பண்புக்குப் பிரேக்-ஆல் என்று கொடுத்துப் பார்த்தோம். சொல் உடைந்தது, ஆனால் எங்கே வேண்டுமானாலும் உடைந்தது: ‘கொ’ ஒரு வரியிலும் ‘த்தமல்லி’ அடுத்த வரியிலும் வந்து நின்றன. ஒற்றெழுத்தில் வரியைத் தொடங்குவது தமிழ் அச்சுக்குப் பொருந்தாது என்பதை எந்த மெய்ப்புத் திருத்துநரும் சொல்வார். கடைசியில் கண்ட வழி எளியது. சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதை டபிள்யூபிஆர் என்ற குறியால் நாமே காட்டிவிடுவது. ‘வெள்ளைக்’ என்பதற்குப் பிறகு ஒன்று, ‘கொண்டைக்’ என்பதற்குப் பிறகு ஒன்று. ‘பெருங்காயத்’ என்பதற்குப் பிறகு ஒன்று. ஒற்று முன் வரியிலேயே தங்கிவிடும், அடுத்த வரி உயிர்மெய்யில் தொடங்கும். 140 பெயர்களில் குறி தேவைப்பட்டவை 23 தான். ஒரு மாலை வேலை.

வரி உயரத்தையும் ஆங்கிலக் கணக்கில் வைக்கக் கூடாது. மேலே ‘கீ’ யின் சுழியும் கீழே ‘மூ’ வின் வாலும் இடிக்காமல் இருக்க எனக்கு எழுத்தளவைப் போல 1.6 மடங்கு தேவைப்பட்டது. தலைப்புக் கட்டங்களில் இன்னொரு தொல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் சாதாரணக் கனத்தை மட்டும் ஏற்றிவிட்டுத் தடித்த எழுத்தைக் கேட்டால், உலாவி இருக்கும் எழுத்தையே பூசி மெழுகித் தடிப்பாக்கும். ‘ண’ வின் சுழிகள் அடைந்துபோய் மை கொட்டியது போல ஆகிவிடும். தடித்த கனத்தையும் சேர்த்து ஏற்றினால் சரியாகிறது. அதோடு, கட்டத்துக்குள் எழுத்து இயல்பாக நடு உயரத்தில் நிற்பதால், சரக்கின் பெயர் இரண்டு வரியாக மடியும்போது விலை இரண்டு வரிக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கியது. கட்டத்துக்குள் எழுத்து நிற்கும் உயரத்தைச் சொல்லும் வெர்டிகல்-அலைனுக்கு பேஸ்லைன் என்று கொடுத்த பிறகு பெயரின் முதல் வரியும் விலையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. மெஸ்காரர் அன்று வரிசை மாறிப் படித்ததற்குக் கோடுகளைவிட இதுதான் பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் மஞ்சள் பின்னணியில் பச்சை எழுத்து வைத்திருந்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்ற அணுகல்தன்மை விதியை (பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிக்க முடிவதற்கானது) ஆசிரியர் உலாவியின் கருவியிலேயே அளந்து காட்டினார், மாற்றிவிட்டேன்.

நான்காம் ஞாயிறு அவசரக்கோலம். ஒட்டிநிற்கும் தலைப்பு, கைபேசித் திரை, நீண்ட அட்டவணையின் வேகம், அச்சு எல்லாவற்றையும் ஒரே காலையில் திணித்தார். நடுவில் இருபது நிமிடம் மின்சாரமும் போனது. டேபிள்-லேஅவுட்டுக்கு ஃபிக்ஸ்ட் என்று கொடுத்து அட்டவணைக்கு ஓர் அகலமும் சொல்லிவிட்டால், உலாவி முதல் வரிசையைப் பார்த்தே பத்திகளின் அகலத்தை முடிவு செய்துவிடும், எல்லாக் கட்டங்களையும் படித்து முடிக்கும் வரை காத்திருக்காது என்பதை மட்டும் நன்றாக விளக்கினார். ஒட்டிநிற்கும் தலைப்பில் தடுக்கி விழுந்தோம். தலைப்புக் கட்டங்களுக்கு பொசிஷன் ஸ்டிக்கி, டாப் சுழியம் என்று கொடுத்தால் பக்கத்தை உருட்டும்போது தலைப்பு மேலேயே நிற்கும் என்றார், நின்றது. அடுத்த அரை மணியில், அட்டவணை திரையைவிட அகலமானால் அதைச் சுற்றி ஒரு டிவ் (வெறும் பெட்டியாக நிற்கும் குறி) வைத்து, அது பக்கவாட்டில் உருள ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ என்று கொடுங்கள் என்றார், கொடுத்தோம். தலைப்பு நிற்கவில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நேரம் முடிந்துவிட்டது. வீட்டில் இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: ஸ்டிக்கி என்பது தன்னைச் சுற்றியுள்ள மிக அருகிலான உருளும் பெட்டியோடுதான் ஒட்டும், பக்கவாட்டில் உருள விட்டாலே அந்த டிவ் மேலும்கீழுமான கணக்கிலும் உருளும் பெட்டியாகிவிடுகிறது, அதற்கு உயர வரம்பு இல்லாததால் அது உருளுவதே இல்லை, தலைப்பும் பக்கத்தோடு மேலே போய்விடுகிறது. டிவுக்குத் திரை உயரத்தில் 80 சதவீதம் என்று வரம்பு வைத்தவுடன் தலைப்பு நின்றது. ஆனால் கொலாப்ஸ் முறையில் தலைப்பு மட்டும் நிற்க, அதன் அடிக்கோடு உருண்டு போய்விட்டது. செபரேட்டுக்கு மாறினேன், கோடும் நின்றது. வளைந்த மூலையை அந்த டிவுக்கே கொடுத்துவிட்டதால் மாமாவின் ஆசையும் நிறைவேறியது. சரக்குப் பெயர் பத்தியை இடப்பக்கம் ஒட்டவைக்கும்போது அதற்குப் பின்னணி நிறம் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விலைகள் பெயருக்கு அடியில் ஊர்ந்து போவது தெரியும்.

கைபேசிக்கு ஆசிரியர் சொன்ன வழியை நான் ஏற்கவில்லை. திரை 600 பிக்சலுக்குக் கீழே போனால் ஒவ்வொரு வரிசையையும் அட்டை போல மாற்றி, கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்தியின் பெயரைக் காட்டுவது அவருடைய முறை. முகவரிப் பட்டியலுக்கு அது பொருந்தலாம். விலைப்பட்டியலைத் திறப்பவர் துவரம் பருப்பின் மூன்று ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் திறக்கிறார்; அட்டையாக்கினால் ஒரு ரகத்தின் விலையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ரகத்துக்குப் போக வேண்டும். மேலும், இதற்காக அட்டவணையின் டிஸ்ப்ளேயை பிளாக் (சாதாரணப் பெட்டி) என்று மாற்றும்போது, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அது அட்டவணையாகவே தெரியாமல் போகக்கூடும். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டுக் கட்டிய அமைப்பை நான்காம் வாரத்தில் அவரே கலைத்ததாகத்தான் எனக்குப் பட்டது. நான் தேதிப் பத்தியைக் கைபேசியில் மறைத்துவிட்டு, பெயர்ப் பத்தியை ஒட்டவைத்து, மற்றவற்றைப் பக்கவாட்டில் உருள விட்டேன்.

ஸ்டைல் ஷீட்டே எழுதியறியாதவர்கள் இந்த வகுப்புக்குப் போக வேண்டாம். முதல் நாளிலேயே செலக்டர் (விதி பக்கத்தின் எந்தப் பகுதிக்கு என்று சொல்லும் பகுதி) என்றால் என்ன என்று கேட்ட ஒருவர் இரண்டாம் வாரம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் முதல் இரண்டு வாரம் தெரிந்த கதையாக இருக்கும். இடைப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு, அதாவது கடைக்கோ சங்கத்துக்கோ பள்ளிக்கோ பக்கம் பராமரிப்பவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான வகுப்பை நான் பெங்களூரில் பார்க்கவில்லை. ஒரு குழுவில் ஒன்பது பேர்தான். மடிக்கணினி நாமே கொண்டுபோக வேண்டும். வண்டி நிறுத்த இடம் கிடையாது, ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடப்பதே நல்லது. படிக்கட்டு குறுகலானது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும். பதினொரு மணிக்கு வரும் காபி நன்றாக இருக்கிறது.

அச்சுக்கு ஒதுக்கியது ஐந்தே நிமிடம் என்றாலும் அதில் ஒரு பயன் இருந்தது. டிஹெட் என்று முறையாகக் குறித்த தலைப்பு, அட்டவணை பல தாள்களுக்கு நீளும்போது ஒவ்வொரு தாளின் தலையிலும் திரும்ப அச்சாகும். வரிசைக்கு பிரேக்-இன்சைட் அவாய்ட் என்று கொடுத்தால் ஒரு சரக்கின் பெயர் ஒரு தாளிலும் அதன் இரண்டாம் வரி அடுத்த தாளிலுமாகப் பிரியாது. அச்சுக்கான விதிகளில் அந்த டிவின் உயர வரம்பை எடுத்துவிட வேண்டும் என்பதை மறந்துவிட்டு நான் முதல் முறை அச்சடித்தபோது, பருப்பு வகைகளோடு பட்டியல் அறுந்து நின்றது. இப்போது நான்கு தாளாக முழுமையாக வருகிறது. மாமா அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். எண்ணெய் விலை மாறும் நாட்களில் மட்டும் பழைய வழக்கப்படி பேனாவால் அடித்து மேலே எழுதிவிடுகிறார், அவர் எழுதும் எண்ணும் வலப்பக்கம் ஒட்டித்தான் இருக்கிறது.